அட்டைக்கத்தி ஆகாத வாள்கள்! - ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ உலகத்தைக் கட்டிய கைகள்

வாய்ச்சவடால் விட்டுவிட்டு, வேலை என்று வந்ததும் நைசாக நழுவுகிற ஆளை நம் ஊரில் ‘அட்டைக்கத்தி’ என்பார்கள். நாடக ராஜாவின் இடுப்பில் தொங்கும் கத்தியை நினைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென மின்னும். கிட்டே போனால் அட்டை, ஜிகினாத் தாள், கொஞ்சம் பசை. அவ்வளவுதான்.

மேடைக்கு அது போதும். கடைசி வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மின்னினால் வேலை முடிந்தது. சினிமா கேமரா அவ்வளவு சுலபமாக விடாது. மூக்குக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். விரல் நீளத்துக்கு இருக்கும் ஒரு கீறல்கூட தியேட்டர் திரையில் ஆள் உயரத்துக்குத் தெரியும். அட்டை என்றால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

அதிலும் ஃபேன்டஸி படம் என்றால் தலைவலி இரண்டு மடங்கு. 1960-களின் சென்னை வீடு வேண்டுமென்றால் ஆர்ட் டைரக்டருக்குப் பழைய புகைப்படம் கிடைக்கும். வால்வு ரேடியோவையும் பித்தளைக் கூஜாவையும் தேடிப் பிடித்து வாடகைக்கு எடுத்துவிடலாம். பூமியிலேயே இல்லாத ஓர் ஊருக்கு எங்கே போய்த் தேடுவது? அங்கே வாழ்பவர்கள் எந்தக் கோப்பையில் டீ குடிப்பார்கள், எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விகளோடு நியூசிலாந்தில் ஒரு கூட்டம் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. அதன் பலன்தான் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள். டோல்கீன் எழுதிய நாவலை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மூன்று பாகங்களாக எடுத்தார். 1999 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு மூன்று பாகங்களுக்கும் சேர்த்தே நடந்தது. 2001, 2002, 2003 என்று வருடத்துக்கு ஒன்றாக டிசம்பரில் வெளியாகி, மொத்தம் 17 ஆஸ்கர்களை அள்ளின.

டி.வி-யில் தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்களுக்குப் போர்க்களமும் மந்திரவாதியும் ஞாபகம் இருக்கும். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது, அந்தப் போர்க்களத்தில் கேமரா பார்க்காத பக்கத்தை.

உத்தரத்தில் இடித்த தலை

முதல் பாகத்தின் ஆரம்பக் காட்சி ஒன்று. மந்திரவாதி கேண்டால்ஃப், தன் பழைய நண்பர் பில்போவின் வீட்டுக்கு வருகிறார். பில்போ ஒரு ஹாபிட். ஹாபிட்கள் மூன்றரை அடி உயரம் இருந்தாலே பெரிய விஷயம். குன்றைக் குடைந்து கட்டிய அவர்கள் வீட்டுக்கு வட்டக் கதவு. கைப்பிடி கதவின் நட்டநடுவில் இருக்கும். ஆறடி கேண்டால்ஃப் உள்ளே குனிந்து நடக்கிறார். தொங்கும் விளக்கில் இடித்துக்கொள்கிறார். சுதாரித்துத் திரும்பினால், மேலே ஓடும் மர உத்தரத்தில் ‘நங்’கென்று நெற்றி மோதுகிறது.

விளக்கு சமாசாரம் சரி. உத்தரத்தில் இடித்துக்கொண்டது திட்டத்திலேயே இல்லாதது. கேண்டால்ஃபாக நடித்த இயான் மெக்கெல்லன் நிஜமாகவே இடித்துக்கொண்டார். இடித்த பிறகும் கதாபாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நடித்துக்கொண்டே போனார். ஜாக்சன் அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார். ஆறடி மனிதர் ஹாபிட் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது.

அந்த உத்தரம் அங்கே நிஜமாக இருந்ததால்தான் இது நடந்தது. பில்போவின் வீட்டை அவர்கள் இரண்டு அளவுகளில் கட்டினார்கள். ஒன்று பெரியது. அதில் பில்போவாக நடித்த இயான் ஹோமும், ஃப்ரோடோவாக நடித்த எலைஜா வுட்டும் வீட்டுக்குப் பொருத்தமான உயரத்தில் தெரிவார்கள். இன்னொன்று சின்னது. அதில் மெக்கெல்லன் நின்றால் பூதம் மாதிரி தெரிவார்.

வீடு இரண்டு என்றால், வீட்டுச் சாமான்களும் இரண்டு செட். ஒரே டீ கோப்பை பெரிய அளவில் ஒன்று, சின்ன அளவில் ஒன்று. ஒரே புத்தகம், ஒரே நாற்காலி, ஒரே மேஜை, எல்லாம் இரட்டைப் பிள்ளைகள். மேஜையில் ஒரு கீறல் இருந்தால், அதே கீறல் சின்ன மேஜையிலும் அதே இடத்தில், அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். மர வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளை அழகாகச் செய்வதைவிட, அச்சு அசலாக அதையே சிறியதாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள்.

இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் வர வேண்டிய இடங்களில் இன்னொரு தந்திரம். ஆக்ரா போய் வந்தவர்கள், தாஜ்மஹாலின் உச்சியை விரலால் கிள்ளிப் பிடிப்பது போல போட்டோ எடுத்து அனுப்புவார்கள் இல்லையா? அதே டெக்னிக்தான். கேண்டால்ஃபும் ஃப்ரோடோவும் குதிரை வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். உண்மையில் ஃப்ரோடோவின் இருக்கை பல அடி பின்னால் தள்ளி இருக்கிறது. வண்டியே அதற்கேற்ற மாதிரி செய்யப்பட்டது. கேமராவுக்கு முன்னும் பின்னும் தெரியாது. பெரியவர், சின்னவர் என்று மட்டும்தான் தெரியும்.

கேமரா நகர்ந்தால் இந்த ஏமாற்று வேலை பல்லிளித்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். டீ குடிக்கும் மேஜையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நகரும் பலகையில் வைத்தார்கள். கேமரா ஒரு பக்கம் நகர, அதற்குச் சரியாக மேஜையும் நடிகரும் சேர்ந்து நகர்வார்கள். திரையில் பார்ப்பவருக்கு எதுவும் அசைந்த மாதிரியே இருக்காது.

‘இதைச் செய்தது யார்?’

வேலையின் தொடக்கம் பென்சிலில். டோல்கீன் நாவல்களுக்கு ஓவியம் வரைந்து புகழ்பெற்ற ஆலன் லீ, ஜான் ஹோவ் இருவரையும் ஜாக்சன் நியூசிலாந்துக்கு வரவழைத்தார். ஆலன் லீ இங்கிலாந்தின் கிராமப் பகுதியில் அமைதியாக வரைந்துகொண்டிருந்தவர். ஜான் ஹோவ் ஸ்விட்சர்லாந்தில் வசித்தவர். பழங்கால ஐரோப்பியக் கவசங்களைத் தானே மாட்டிப் பார்க்கும் அளவுக்கு அவற்றின் மீது பித்துப் பிடித்தவர். கவசம் அணிந்தவர் எப்படிக் கையைத் தூக்குவார், எங்கே உரசும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பால் தெரியும்.

இவர்கள் வரைந்ததை நிஜப் பொருளாக மாற்றியது வெலிங்டன் நகரின் மிராமர் பகுதியில் இருக்கும் ‘வெட்டா ஒர்க்‌ஷாப்’. ரிச்சர்ட் டெய்லரும் அவருடைய மனைவி டானியா ராட்ஜரும் தங்கள் குடியிருப்பின் பின் அறையில் 1980-களில் ஆரம்பித்த தொழில் அது. வெட்டா என்பது நியூசிலாந்தில் வாழும், வெட்டுக்கிளிக்கு உறவான ஒரு பூச்சியின் பெயர். பார்க்க முரட்டுப் பூச்சி, பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் ராத்திரியில் நடமாடும். இவர்கள் தொழிலுக்குப் பொருத்தமான பெயர்தான்.

கவசம், ஆயுதம், அரக்கர்கள், முக ஒப்பனைக்கான செயற்கைத் தோல், மினியேச்சர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உருவாயின. அதனால் ஒரு வசதி. எந்தப் பொருளாக இருந்தாலும், ‘கதையில் இதைச் செய்தவர்கள் யார்’ என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்க முடிந்தது.

எல்ஃப்கள் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்பவர்கள். அவசரமே இல்லாதவர்கள். அதனால் அவர்கள் வாள் கொடி மாதிரி வளையும், பிடியில் இலை ஓடும். குள்ளர்கள் பாறையைக் குடைபவர்கள். அவர்கள் கோடாரியில் நேர்க்கோடும் கோணமும்தான். ரோஹன் நாட்டினர் குதிரையோடு பிறந்து குதிரையோடு வாழ்பவர்கள். அவர்களுடைய வாள் பிடியிலிருந்து அரண்மனைத் தூண் வரை குதிரை முகம் எட்டிப் பார்க்கும். ஆர்க் அரக்கர்களுக்கு அழகைப் பற்றிக் கவலை கிடையாது. இரும்புத் தகட்டை முரட்டுத்தனமாக வெட்டி எடுத்த மாதிரி ஆயுதம்.

திரையில் ஒரு வாள் மூன்று நொடிகூட வராது. ஆனாலும் அது யாருடைய வாள் என்பது நமக்குக் கேட்காமலேயே புரிந்துவிடுகிறது. வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி.

ஒன்றேகால் கோடி வளையம்

வாள்களில் மூன்று ரகம் உண்டு. க்ளோஸ்-அப்பில் வருவது நிஜ எஃகு. பீட்டர் லயன் என்ற வாள் கொல்லர் அவற்றைச் செய்தார். சண்டைக் காட்சிக்கு எடை குறைந்த அலுமினியம். கூட்டத்தில் ஓடுகிறவர்களுக்கும் குதிரையிலிருந்து விழுகிறவர்களுக்கும் ரப்பர். அரகார்னாக நடித்த வீகோ மார்டென்சனுக்கு எஃகு வாள்தான் வேண்டும். படப்பிடிப்பு இல்லாத நேரத்திலும் அதைக் கூடவே எடுத்துக்கொண்டு திரிந்தார். எடை கை தசைக்குப் பழகினால்தான் நடையில் வீரன் தெரிவான் என்பது அவர் கணக்கு.

எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 10,000 அம்புகள், 500 வில்கள். ஹாபிட்களுக்கு ரோமம் அடர்ந்த பெரிய பாதம். அதற்கென ரப்பர் பாதங்கள் 1,800 ஜோடிகளுக்கும் மேல் செய்யப்பட்டன. காரணம், ஒரு ஜோடியை ஒரு நாளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. நடிகர்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். பாதத்தை ஒட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் பிய்த்து எறிந்துவிட்டு, மறுநாள் புது ஜோடி.

இதில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது சங்கிலிக் கவசத்தின் கதை. சின்னச் சின்ன உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் சட்டை அது. நிஜ இரும்பில் செய்தால் நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள் நாள் முழுவதும் சுமக்க முடியாது. எனவே வெட்டா குழு, தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி பைப் மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கியது. ஒவ்வொன்றையும் விரித்து, அடுத்ததில் மாட்டி, மூடி ஒட்டினார்கள். பிறகு உலோகப் பூச்சு.

ரிச்சர்ட் டெய்லர் சொல்லும் கணக்குப்படி இப்படிக் கோத்த வளையங்கள் ஒன்றேகால் கோடி. எந்திரம் இல்லை. எல்லாம் கை வேலை. இதே வேலையாக வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களின் விரல் நுனி தேய்ந்து, கடைசியில் கைரேகையே அழிந்துபோனது.

சற்று நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இது. பீடி சுற்றும் பெண்களின் விரல்களும், பாத்திரம் தேய்க்கும் அம்மாக்களின் விரல்களும் நமக்குத் தெரியும். ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் ரேகை பதியாமல் திரும்ப வந்த கதை எத்தனை வீடுகளில் உண்டு! உலகமே கொண்டாடிய ஒரு மாயாஜாலப் படத்துக்கு அடியிலும் அப்படித் தேய்ந்த விரல்கள் இருக்கின்றன. படம் முடிந்து ஓடும் நீளமான பெயர்ப் பட்டியலை நாம் எழுந்து நடந்தபடியேதான் பார்க்கிறோம்.

ராஜாவின் சட்டைக்குள்

சரி, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பின் வரிசை வீரனின் சட்டையை யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இதற்கான பதில் ஒரு நடிகரிடமிருந்து வந்தது. ரோஹன் நாட்டு மன்னர் தியோடனாக நடித்தவர் பெர்னார்ட் ஹில். அவருக்காக ஒரு மார்புக் கவசம் தயாரானது. வெளியே வேலைப்பாடு பிரமாதம். அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்போது அவர் உள்பக்கத்தைக் கவனித்தார். நெஞ்சில் படும் தோல் பகுதியிலும் ரோஹன் நாட்டு வேலைப்பாடு பொறிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பக்கம் ஒருபோதும் கேமராவுக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டால் அவருக்கே தெரியாது. ஆனால், அது அங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் தன்னை ஒரு ராஜாவாக உணர வைத்தது என்று படத்தின் மேக்கிங் வீடியோவில் அவர் நெகிழ்ந்து சொன்னார்.

நகைக்கடையில் பெரியவர்கள் நெக்லஸைத் திருப்பி, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பட்டுப்புடவையின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எந்தப் பாட்டியும் வாங்க மாட்டார். முன்பக்கம் யாருக்கும் அழகாகத்தான் இருக்கும். வேலை தெரிந்தவன் யார் என்று சொல்வது பின்பக்கம்.

ஒரு கவசத்தை முதலில் நம்ப வேண்டியவர் அதை மாட்டிக்கொள்கிற நடிகர். அவர் நம்பினால் தோள் நிமிரும், நடை மாறும், குரல் மாறும். அதைப் பார்த்துத்தான் தியேட்டரில் நாம் நம்புகிறோம். மூன்றாம் பாகத்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு முன்னால் தியோடன் வாளோடு பாய்ந்து செல்லும் காட்சியில் இன்றைக்கும் பலருக்கு மயிர்க்கூச்செறியும். பெர்னார்ட் ஹில் 2024 மே மாதம் காலமானார். அப்போது ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பகிர்ந்தது அந்தக் காட்சியைத்தான்.

ஒரு மோதிரம்... நாற்பது மோதிரங்கள்

கதையின் உயிர்நாடி ஒரு தங்க மோதிரம். கல் இல்லை, பூ வேலை இல்லை. ஒரே ஒரு வளையம். அதைச் செய்யும் பொறுப்பு, நியூசிலாந்தின் நெல்சன் நகரில் கடை வைத்திருந்த பொற்கொல்லர் யென்ஸ் ஹான்சனிடம் வந்தது. டென்மார்க்கில் பிறந்தவர் அவர். 15 மாதிரிகள் செய்து காட்டினார். அதிலிருந்து ஒன்று தேர்வானது.

ஒரு மோதிரம் என்றால் ஒன்று போதாது. ஒவ்வொரு நடிகரின் விரலுக்கும் ஓர் அளவு. கழுத்துச் சங்கிலியில் தொங்க ஓர் அளவு. இப்படி ஏறக்குறைய 40 மோதிரங்கள் தயாராயின. மோதிரம் காற்றில் சுழன்று விழும் க்ளோஸ்-அப்பை நிஜ அளவில் கூர்மையாக எடுப்பது கடினம். அதற்காக 20 செ.மீ அகலத்தில், ஏறக்குறைய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ராட்சத மோதிரம் செய்தார்கள்.

பில்போவின் வீட்டுத் தரையில் மோதிரம் விழும் ஒரு ஷாட்டும் உண்டு. சாதாரண மோதிரம் என்றால் விழுந்து துள்ளி உருளும். இது ‘தொப்’பென்று விழுந்து அப்படியே உட்கார்ந்துவிடும், உலகத்தின் பாவம் முழுவதையும் சுமப்பதுபோல. ரகசியம் ரொம்ப சிம்பிள். தரைக்கு அடியில் காந்தம்!

யென்ஸ் ஹான்சன் 1999 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அப்போது படப்பிடிப்புகூட ஆரம்பிக்கவில்லை. மீதி வேலையை அவர் மகன் முடித்துக் கொடுத்தார். உலகத்தின் மிகப் பிரபலமான சினிமா மோதிரத்தைச் செய்தவர், அது திரையில் மின்னியதைப் பார்க்கவே இல்லை. அவர் பெயரிலான கடை மட்டும் நெல்சனில் இன்றும் நடக்கிறது.

மினியேச்சர் கோட்டையும் மாயாபஜாரும்

வெள்ளைக் கல்லில் ஏழு அடுக்காக எழும் மினாஸ் டிரித் நகரம், மூன்றாம் பாகத்தின் பிரமாண்டம். தூரத்துக் காட்சிகளில் நாம் பார்ப்பது 72-ல் ஒரு பங்கு அளவில் செய்த மாடல். மினியேச்சர் என்று பெயர்தானே தவிர, அதுவே ஒரு ஆளைவிடப் பல மடங்கு உயரம். அதனால் வெட்டா ஆட்கள் அதற்கு ‘பிகேச்சர்’ என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. 1957-ல் வந்த ‘மாயாபஜார்’ படத்துக்காக கலை இயக்குநர்கள் கோகலே, கலாதர் இருவரும் துவாரகை நகரை மினியேச்சராகக் கட்டினார்கள். ஏறக்குறைய 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடுகள், எரியும் மின்விளக்குகளோடு. கம்ப்யூட்டர் என்ற சொல்லே பழக்கத்தில் இல்லாத காலம் அது. இன்றைக்கும் ரங்காராவின் கடோத்கஜனைப் பார்த்து வாயைப் பிளக்கிற குழந்தைகள், அந்த ஊர் பொம்மை ஊர் என்று சொன்னால் நம்புவதில்லை.

ஆட்டுப் பண்ணையில் ஓர் ஊர்

ஹாபிட்கள் வாழும் ஹாபிட்டன் கிராமத்துக்கு இடம் தேடி 1998-ல் விமானத்தில் சுற்றினார்கள். மாட்டாமாட்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒரு குடும்பம் நடத்திய ஆட்டுப் பண்ணை கண்ணில் பட்டது. பச்சைப் பசேலென்ற மேடுகள், ஒரு ஏரி, கரையில் ஒரு பெரிய மரம். மின்கம்பமோ, தார்ச்சாலையோ கண்ணுக்குத் தெரியாத இடம்.

1999 மார்ச்சில் நியூசிலாந்து ராணுவமே வந்து மண் வெட்டி, சாலை போட்டுக் கொடுத்தது. மேடுகளில் 39 ஹாபிட் வீடுகளின் முகப்புகள் எழுந்தன. காய்கறித் தோட்டமும் பூச்செடிகளும் பல மாதங்கள் முன்பே நடப்பட்டன. ஷூட்டிங் வரும்போது, அது பல தலைமுறையாக யாரோ பயிரிட்டு வரும் தோட்டம் மாதிரி தெரிய வேண்டுமே!

பில்போ வீட்டு உச்சியில் ஓர் ஓக் மரம் வேண்டும். அக்கம் பக்கத்தில் இருந்த ஒரு மரத்தை வெட்டி, கிளைக்குக் கிளை எண் போட்டுக் கொண்டுவந்து, போல்ட் போட்டு மறுபடி நிறுத்தினார்கள். எடை 26 டன். வெட்டிய மரத்தில் இலை ஏது? தைவானிலிருந்து செயற்கை இலைகள் வந்தன. ஒவ்வொன்றையும் கம்பியால் கட்டினார்கள். ஒரு மரம் முழுக்க!

இன்றைக்கு அங்கே சுற்றுலா போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் கதைகள் இன்னும் சுவாரஸ்யம். வேலிக் கட்டைகள் பழசாகத் தெரிய, தயிரைக் கலந்து பூசினார்களாம். நம் வீட்டில் வெயில் நாளில் தயிர் இரண்டே மணி நேரத்தில் புளித்துவிடுகிறது என்று புலம்புகிறோம். அவர்கள் அதை வைத்து வேலிக்கு வயதேற்றியிருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடிக்குப் போகும் பாதை தேய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, தினமும் அந்தப் புல்லில் நடப்பதே ஒருவருக்கு வேலையாக இருந்ததாம்.

எல்லாவற்றுக்கும் மேல் பிளம் மரக் கதை. நாவலில் ஹாபிட் குழந்தைகள் பிளம் மரத்தடியில் உட்காருவார்கள். பிளம் மரம் அந்தக் காட்சிக்குத் தேவையான உயரத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும். எனவே ஆப்பிள், பேரிக்காய் மரங்களை நட்டு, அவற்றின் இலைகளையும் காய்களையும் உருவிவிட்டு, பிளம் இலைகளையும் காய்களையும் கட்டினார்களாம். கடைசியில் அந்தக் காட்சி படத்திலேயே வரவில்லை!

பச்சைத் துணிக்கு நடுவே

பத்து வருடங்களுக்குப் பிறகு, 2011-ல் அதே ஜாக்சன், அதே உலகம். இந்த முறை ‘தி ஹாபிட்’ கதை. அதே கேண்டால்ஃபாக எழுபதைத் தாண்டிய மெக்கெல்லன். அதே பில்போ வீடு. 13 குள்ளர்கள் சாப்பிட வந்து வீட்டையே அமளிதுமளியாக்கும் காட்சி.

ஒன்றே ஒன்று மாறியிருந்தது. இந்தப் படம் 3டி. தாஜ்மஹாலைக் கிள்ளும் தந்திரம் செல்போனில் எடுபடுவதற்குக் காரணம், அந்த கேமராவுக்கு ஒரே கண். 3டி கேமராவுக்கு நம்மைப்போல இரண்டு கண்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று பட்டென்று காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் குள்ளர்கள் எல்லோரும் ஒரு நிஜ செட்டில் சாப்பிட்டு, சிரித்து, தட்டு வீசிக்கொண்டிருந்தார்கள். மெக்கெல்லன் தனியாகப் பச்சை வண்ண அரங்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்திலும் கேமராக்கள் ஒன்றாக அசையும். அவருக்கு முன்னால் நடிகர்கள் யாரும் இல்லை. அவர்களுடைய புகைப்படங்கள் இருந்தன. யார் பேசுகிறார்களோ அந்தப் படத்தில் விளக்கு எரியும். காதில் குரல் வரும். அதைப் பார்த்து அவர் நடிக்க வேண்டும்.

மேடையில் ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த நடிகர் அவர். எவ்வளவு நேரம்தான் புகைப்படத்தோடு பேசுவார்? உடைந்து அழுதுவிட்டார். தான் நடிக்க வந்தது இதற்காக இல்லை என்று அவர் தனக்குள் முணுமுணுத்தது, சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியாக மற்றவர்கள் காதிலும் விழுந்துவிட்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான். கம்ப்யூட்டர் இல்லாமல் கோலம் என்ற அந்தப் பாவப்பட்ட ஜீவன் கிடைத்திருக்காது. ஆனால், நெற்றி இடிக்க ஓர் உத்தரம், கையில் ஏந்த ஒரு கோப்பை, எதிரே ஒரு முகம் ஆகிய மூன்றும் ஒரு நடிகருக்கு எவ்வளவு பெரிய துணை என்பது, அவை இல்லாதபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மறுபடி அவர் வந்தபோது, படக்குழு அவருடைய கூடாரத்தை அலங்கரித்து வைத்திருந்தது. பழைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ செட்டிலிருந்த திரைச்சீலைகள், தரைவிரிப்புகள், கூடவே பழங்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ கையால் செய்த பொருள்கள்தான், அந்தப் பெரியவரை ஆறுதல்படுத்த வந்து நின்றன.

கடைசியாகத் திறந்த கதவு

முதல் படங்கள் முடிந்ததும் ஹாபிட்டனைப் பிரித்து, நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பதாக ஏற்பாடு. பிரிக்க ஆரம்பித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. 17 முகப்புகள் மட்டும் வெறும் பலகையாக மிஞ்சின. அதைப் பார்க்கவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 2002-ல் சுற்றுலா தொடங்கியது. ‘தி ஹாபிட்’ படத்துக்காகத் திரும்பக் கட்டியபோது, தெர்மகோல், பிளைவுட் எல்லாம் ஒதுக்கப்பட்டன. காலத்துக்கும் நிற்கிற பொருள்களைக் கொண்டு 44 வீடுகள் எழுந்தன.

ஒரே குறை. வீடுகளுக்கு முகப்பு மட்டும்தான். உள் காட்சிகள் எல்லாம் வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்தவை. ஆசையாக வட்டக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், கொஞ்சம் இடம், அதற்குப் பின்னால் சுவர். ‘உள்ளே போக முடியாதா?’ என்று குழந்தைகள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள்.

2023 டிசம்பரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பார்வையாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி, அறைகளோடு கூடிய ஹாபிட் வீட்டைத் திறந்துவிட்டார்கள். சமையலறை, படுக்கையறை, அலமாரி என எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். அந்த வீடு எந்தப் படத்திலும் வந்ததில்லை. அதை எடுக்க கேமராவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சாமானையும் பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை டி.வி-யில் இந்தப் படம் ஓடினால், கேண்டால்ஃப் உத்தரத்தில் இடித்துக்கொள்ளும் இடத்தில் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூடவே, படம் முடிந்ததும் ரிமோட்டை உடனே தேடாமல் இருங்கள். கைரேகையைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதற்குப் பிறகுதான் ஓடும்.